சர்ச் பெஞ்சுக்குத் தைத்த மெத்தை

பாசத்தையும் கோபத்தையும் ஒரே கையால் அள்ளிப் போடும் என் அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி, சோபா தைக்கிறவன், வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அங்கே நீயும், கண் ஆபரேஷன் முடிந்த அத்தானும் நலமாக இருக்க வேண்டும். அத்தானுக்குத்தான் இப்போது நன்றாகக் கண் தெரிகிறதே, இந்தக் கடிதத்தை மட்டும் அவரிடம் காட்டாதே. என் கையெழுத்தைப் பார்த்தால் மறுபடியும் கண்ணைக் கட்டிவிடச் சொல்லுவார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் ரெக்சினில் கோடு போடத்தான்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் இந்தப் பாடு. நீ எழுதியதும் கடிதமா என்ன, சம்மன். "அத்தானுக்குக் கண்ணு தெரிஞ்ச சந்தோஷத்துல, கஷ்டப்படுற யாருக்காவது குடுடான்னு அனுப்பின பணத்தைச் சர்ச்சுக்குக் குடுத்தியாமே, அது தர்மமாடா? ஒழுங்கா பதில் சொல்லு. இல்லாட்டி உன் மக கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்." இதைப் படித்துவிட்டு உன் மருமகள், "அத்தை வரலைன்னா நானும் வரலைப்பா" என்று சொல்லிவிட்டாள். அத்தை இல்லாமல்கூட ஒரு கல்யாணத்தைச் சமாளிக்கலாம் அக்கா, பெண்ணே இல்லாமல் நான் யாரைக் கட்டிக்கொடுப்பது? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உனக்குப் போனில் உளறியது என் வீட்டுக்காரிதான், ஆனால் அவள் பாதி உளறும்போதே நீ கோபப்பட்டு வைத்துவிட்டாய். மீதிப் பாதியில்தான் நான் நல்லவன்.

உன் பணம் கைக்கு வந்தபோது நான் யோசிக்காமல் இல்லை. கஷ்டப்படுகிறவனைத் தேடி எங்கே போவது, கண்ணாடியைப் பார்த்தாலே ஒருத்தன் தெரிகிறான். ஆனால் அவனுக்குக் கொடுத்தால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்திருக்கிறேன், பெஞ்சு எலும்பைக் குத்துகிறது, போதகர் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறார், எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. உன் பணம் மொத்தத்துக்கும் ஸ்பாஞ்சு வாங்கினேன். கடையில் மிச்சம் கிடந்த ரெக்சினைப் போட்டு, கூலி இல்லாமல் எல்லாப் பெஞ்சுக்கும் மெத்தை தைத்தேன். முதல் வரிசை மெத்தை மட்டும் கொஞ்சம் தடிமனாக அமைந்துவிட்டது. நான் உட்காருவதும் முதல் வரிசைதான் என்பது தற்செயல். இதை என் வீட்டுக்காரி நம்பவில்லை. "நீங்க உக்கார்ற பெஞ்சுக்கு நீங்களே மெத்தை போட்டுக்கிட்டா அது தர்மமா? அப்போ தினம் உங்களுக்குச் சோறு போடுறேனே, அது என்ன அன்னதானமா?" என்றாள். நான் தட்டைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சோற்று நேரம்.

அடுத்த வாரம் போதகர் நன்றி சொல்லப்போகிறார் என்று தெரிந்து இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பேர் வெளியே தெரியக்கூடாதுன்னு நினைக்கிற ஒரு சகோதரர் குடுத்தது." நான் எப்போது அப்படி நினைத்தேன்? சபை முழுக்க அந்தச் சகோதரர் யாரென்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. நான் இரண்டு தடவை எழுந்து மெத்தையைச் சரிசெய்கிற மாதிரி தட்டிவிட்டு உட்கார்ந்தேன், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பின்வரிசைக் கொத்தனார் மட்டும், "என்னண்ணே, மூட்டைப்பூச்சியா?" என்று கேட்டார்.

அதன் பிறகுதான் அக்கா வினை. மெத்தை வந்ததிலிருந்து சபை தூங்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை ஆடும், இப்போது வரிசை வரிசையாகச் சாய்ந்தது. அதிலும் முதல் வரிசையில் ஒரு குறட்டை, பாட்டுக்காரர்களுக்கே சுருதி விலகுகிற மாதிரி. அது யாருடையது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க. ஆமென் சொல்லக்கூட ஒரு ஆள் முழிச்சிருக்கலை. உங்க தர்மத்தைக் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கிறீங்களா?" உலகத்தில் கொடுத்த தர்மம் ரிப்பேர் என்று வாசலுக்குத் திரும்பி வந்த ஒரே ஆள் உன் தம்பியாகத்தான் இருப்பான்.

மெத்தைகளைக் கொண்டுவந்து கடையில் அடுக்கினேன். வாசல் அடைந்துபோய் நானே பக்கவாட்டில் நுழைந்து போகிற நிலைமை. அப்போதுதான் அடுத்த கடை இஸ்திரிக்காரர் வந்து நின்றார். அவர் மனைவி மாடிப்படியில் விழுந்து, இடுப்பு எலும்பு விட்டுப்போய், கடைக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில் பலகை மேல் படுத்த படுக்கையாக இருந்தாள். வலியில் முனகுவது சுவர் வழியாக எனக்குக் கேட்கும். கேட்டால் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன். உன் பணத்தை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறவர் எங்கே என்று நான் யோசித்ததுகூட அந்த ரேடியோவைக் கேட்டபடிதான். சிரிக்காதே அக்கா, அல்லது சிரி, எனக்கு அதுதான் நல்லது.

"அண்ணே, ஓரத்துல வெட்டிப் போட்ட துண்டு ஏதாவது இருந்தா குடுங்க. அவ இடுப்புக்கு அடியில வைக்கணும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "துண்டு என்ன துண்டு, எல்லாத்தையும் எடுத்துக்கங்க."

"அடியே, இது சர்ச் சொத்து" என்றேன்.

"சர்ச்சு வேணாம்னு அனுப்பினது எப்படிச் சர்ச் சொத்தாகும்?"

நான் போதகரிடம் ஓடினேன். "இதையெல்லாமா கேட்டுக்கிட்டு வருவீங்க? முதல்ல போய்த் தைங்க" என்று அவர் விரட்டினார். நீள நீளமான பெஞ்சு மெத்தைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றாகத் தைத்து, ஒரே படுக்கையாக்கினேன். முதல் வரிசைத் தடிமன் மெத்தையைச் சரியாக இடுப்பு வருகிற இடத்தில் கொடுத்தேன். நான் சுயநலத்துக்குத் தைத்தது ஒரு எலும்புக்கு உதவியது. அன்று ராத்திரி அந்தம்மா தூங்கினாளாம். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரேடியோவை நிறுத்திவிட்டு அந்தச் சத்தமில்லாததைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆக, உன் கேள்விக்குப் பதில் இதுதான். சர்ச்சுக்குக் கொடுத்தது தர்மமில்லை, எனக்கு நானே நாற்காலி வாங்கிக்கொண்டது. ஆனால் உன் பணம் கடைசியில் கஷ்டப்படுகிறவருக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, சர்ச்சில் சும்மா ஒரு மாதம் தங்கிவிட்டுப் போயிருக்கிறது. காசு உன்னுடையது, உத்தரவு வீட்டுக்காரியுடையது, அனுமதி போதகருடையது. என் பங்குக்கு ஊசி குத்திய விரல் மட்டும் இருக்கிறது. கோபத்தை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு வா.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, அதை இன்னும் யாரும் திருப்பி அனுப்பிப் பழகவில்லை. நீ திட்டினாலும் தீர்க்காயுசாக இருந்து திட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பேர் வெளியே தெரியாத சகோதரன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. உறையை ஒட்டப் போகும்போது இஸ்திரிக்காரர் வந்தார், கூடவே அந்தம்மா, மாதக்கணக்கில் அந்தப் படுக்கையில் கிடந்தவள், கம்பு ஊன்றிக்கொண்டு தன் காலில் நடந்து. எழுந்து நடந்தால் சர்ச்சுக்கு ஏதாவது கொடுப்பதாக வேண்டியிருந்தாளாம். வீட்டில் கொடுக்கிற மாதிரி இருந்த ஒரே நல்ல பொருள் அந்தப் படுக்கைதானாம். அதைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்! நான் போதகரிடம் பாய்ந்தேன். "என்கிட்ட வேணாம்னு சொன்னீங்க, அவங்ககிட்ட வாங்கிக்கிட்டீங்களே?" அவர் சொன்னார்: "நீங்க குடுத்தப்போ திருப்பிக் குடுக்க எனக்குக் கூச்சமே இல்லை. இவங்ககிட்ட வாய் வரலை. நான் பிரசங்கத்தைச் சுருக்கிக்கிறேன். நீங்க பிரிச்சுப் பெஞ்சு பெஞ்சா தைச்சுக் குடுங்க." அதே ஸ்பாஞ்சுதான் அக்கா. நான் கொடுத்தபோது தர்மமாக இல்லை, அவர்கள் கொடுத்தபோது ஆகிவிட்டது, எந்தத் தையலில் மாறியதென்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு உனக்கு முதல் வரிசை. உன் காசு மேலேயே உட்காரலாம். தடிமன் மெத்தையைக் கடைசி வரிசையில், அந்தம்மா உட்காருகிற இடத்தில் போடப்போகிறேன், சண்டைக்கு வராதே.