எழுத்து ஓடும்போதே பயம்

மருதமுனை,
12.02.1986

அன்பின் றஸாக் காக்காவுக்குத் தங்கச்சி ஹாஜறா ஸலாத்துடன் எழுதுவது. அல்லாஹ்வின் உதவியால் இங்கு எல்லோரும் சுகம். உம்மா மௌத்தாகவில்லை. ஊரிலிருந்து யாராவது அப்படி எழுதியிருந்தால் நம்பி அழ வேண்டாம்.

நீங்கள் சவூதியிலிருந்து வீடியோ டெக்கோடு அனுப்பிய பேய்ப்படக் கசெட்டை ஒரு மாதமாக ஓட்டுகிறோம், ஆனால் படத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை, தொடக்கத்தில் எழுத்து ஓடுகிற இடத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறோம். அதுவே என்ன அருமை, காக்கா! முதலில் ஒரே இருட்டு. பிறகு யாருமில்லாத ஊஞ்சல் தானாக ஆடும். வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து, குளிரில் நிற்பதுபோல் நடுங்கி, அழிந்துபோகும். எங்கோ ஒரு பிள்ளை முனகிப் பாடும். பேயும் இல்லை, இரத்தமும் இல்லை, வருவதெல்லாம் ஆட்களின் பெயர்கள், அதற்கே பாயில் இருக்கிற எல்லோரும் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஒருநாள் சத்தத்தை முற்றாகக் குறைத்தேன்: ஊஞ்சல் வெறும் ஊஞ்சலாகிவிட்டது, பக்கத்து வீட்டுச் சுபைறா மாமி கொட்டாவி விட்டார். சத்தத்தைக் கூட்டினேன், கொட்டாவி பாதியில் நின்றது! பேய் வருமுன்பே நம்மைப் பயப்பட ஆயத்தமாக்குவதுதான் அந்த எழுத்தின் வேலை என்று அப்போது விளங்கியது. ஆனால் எழுத்து பாதி ஓடுவதற்குள் உம்மா நிறுத்தச் சொல்லி, பேய் அண்டாமலிருக்க ஆயத்துல் குர்ஸி ஓதுவார், ஓதி முடிந்ததும் கண்ணை மூடியிருந்தவர்கள் முதலிலிருந்து போடச் சொல்வார்கள், மறுபடியும் ஊஞ்சல், மறுபடியும் ஓதல், அதற்குள் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிடும்.

போன கிழமை உம்மா கிணற்றடிக்குப் போன நேரம், சத்தத்தை முழுதாகக் கூட்டி எழுத்தின் கடைசிவரை ஓடவிட்டேன். அங்கே ஒரு பெண் நீளமாக ஓலமிட்டு அழுகிறாள்! வேலிக்கு அப்பால் கேட்டது அழுகை மட்டும்தான். "அல்லாஹ்வே, ஹாஜறாட உம்மா போயிட்டா!" என்று சுபைறா மாமி முக்காட்டை இழுத்துப் போட்டு ஓடி வர, பின்னால் தறியடிப் பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டு வந்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் டெக்கை நிறுத்திவிட்டு வழமைபோல நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். கிணற்றடியிலிருந்து வந்த உம்மா, எல்லோரும் அழுவதைக் கண்டு தானும் அழத் தொடங்கினார்.

"ஆருகா மௌத்து?"

"நீதான் புள்ள!"

அந்நேரம் பார்த்து, கடைத்தெருவில் செய்தி கேட்ட வாப்பா மௌத்தானவர்களுக்குச் சுற்றும் கபன் துணியோடு வந்து நின்றார். உம்மா அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார். "நம்மட தறி இரிக்கக்குள்ள எனக்குக் கடையிலயா வாங்கின நீங்க?"

அத்தோடு வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நோன்புக்கு முந்தி இந்தப் பேய்ப்பெட்டி வீட்டில இரிக்கக் கூடா!" கல்முனை மீராசாவுக்கு டெக்கை விற்கப் போகிறார்.

காக்கா, பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் ஆட்களோடு கதைத்ததே குறைவு. இப்போது நூல் சுற்றுகிற இடத்தில், "ஹாஜறா, அந்த எழுத்து ஓடுறதக் கொஞ்சம் சொல்லன்" என்று கேட்கிறார்கள். நான் சொல்கிறேன், அந்தப் பிள்ளையைப்போல முனகியும் காட்டுகிறேன், அவர்கள் கையில் நூல் அப்படியே நிற்கிறது! டெக் போனால் நான் திரும்பவும் கதவுக்குப் பின்னால்தான். விற்க வேண்டாம் என்று வாப்பாவுக்கு உடனே எழுதுங்கள்.

உங்கள் உடம்புக்கும் தொழிலுக்கும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. உம்மா ஸலாம் சொல்கிறார். உயிரோடு இருந்துதான் சொல்கிறார்.

இப்படிக்கு,
தங்கச்சி ஹாஜறா

பி.கு.: வாப்பாவுக்கு எழுத வேண்டாம். சற்றுமுன் மீராசா டெக்கைப் பார்க்க வந்தார். வாப்பா எழுத்தையும் தாண்டி ஓடவிட்டுக் காட்டினார். அழுகை முடிந்ததும் பேய் வரவில்லை, காக்கா. இரண்டு தடித்த வெள்ளைக்காரர்கள் மல்யுத்தம் பிடித்தார்கள்! கசெட் முடியும்வரை அதுதான். படத்தின் மேல் நீங்கள் அதைப் பதிந்துவிட்டீர்கள். "அடி! விடாதடா!" என்று வாப்பா எழும்பி நின்று கத்தினார். டெக் இனி விற்பனைக்கு இல்லையாம், மீராசா தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மிச்சப் படத்தைத் தேடி அனுப்ப வேண்டாம். வேறு பேய்ப்படங்கள் கிடைத்தால் எழுத்து ஓடுகிற இடங்களை மட்டும் பதிந்து அனுப்புங்கள். மிச்சக் கதையை நூல் சுற்றும்போது நானே சொல்லிக்கொள்வேன்.