ஊரையே முட்டி போட வைத்த மூணடி மேஸ்திரி

நாமக்கல் மலையைக் குடைந்த கோயிலில் மூன்றடி மண் கேட்டு மூவுலகையும் அளந்தவர் இருக்கிறார். அவருக்கு அடுத்தபடியாக மூன்றடியை வைத்துக்கொண்டு உலகத்தை ஆட்டி வைத்தவர் சேலம் ஜில்லாவில் ஒருவர்தான்: எங்கள் மூணடி மேஸ்திரி. அந்தப் பெருமாளுக்கு ஒரே ஒரு ராஜா தலையைக் கொடுத்தார். மேஸ்திரிக்கு நாங்கள் நாற்பத்து மூன்று பேர் முட்டியைக் கொடுத்தோம். அதில் ஒருவர் சர்க்கார் அதிகாரி.

மேஸ்திரியின் சொந்த உயரம் ஆறடி இரண்டு அங்குலம். நானே அளந்தேன். அளப்பதற்கு அவரை எழுந்து நிற்க வைக்க ஆறு நாள் ஆயிற்று. வேலை நடக்கும் இடத்தில் அவர் நிற்கவே மாட்டார். இரண்டு முட்டியிலும் சாக்குத் துணியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டியாலேயே நடப்பார்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. எனக்கு இருபத்திரண்டு வயது. ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவே ஒரு ஊர். பேரைச் சொன்னால் இன்றைக்கும் என்னோடு சண்டைக்கு வருவார்கள், சொல்லவில்லை. அறுபத்து நான்கு வீடு. அதில் பாதி தறி, பாதி காடு கழனி. அங்கே ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடத்தில் நான்தான் அந்த ஒற்றை வாத்தியார். முப்பத்தொரு பிள்ளைகள். பள்ளிக்கூடம் என்பது ஓலைக் கொட்டகை. மழை பெய்தால் பதினோரு இடத்தில் ஒழுகும். ஒரு வருஷத்தில் நான் அடித்த தேள் இருபத்தாறு. நான் அடிக்காமல் ஓடிப்போன பாம்பு ஒன்று. ஓடியது யார் என்பதில் பிள்ளைகளுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு எழுதிப் போனார்: மாசி முடிவதற்குள் சரியான கட்டடம் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் ரத்து. ரத்தானால் பிள்ளைகள் மூன்று மைல் நடந்து, ஓடையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். ஊரில் கேட்டுப் பார்த்தேன். அனுப்புகிறேன் என்று சொன்னது இரண்டே வீடு. மற்ற இருபத்தொன்பது பிள்ளைகளும் தறிக்கும் ஆட்டுக்கும் போய்விடும். எனக்கு அன்று முதல் தூக்கம் போயிற்று. இன்றும் சரியாக வரவில்லை.

ஊர் கூடியது. மணியக்காரர் இடம் கொடுத்தார். ஊருக்குப் பெரியவர், மீசையே தனியாக ஒரு ஆள் மாதிரி இருக்கும். ஒருவர் கல் என்றார், ஒருவர் பனங்கட்டை என்றார், சுண்ணாம்பில் கலக்க மணியக்காரர் தம் ஆலை வெல்லத்தில் ஐந்து மூட்டை தந்தார். தறிக்கார வீடுகளெல்லாம் வீட்டுக்கு ஒருவர் வேலைக்கு வருவதாகச் சொன்னார்கள். எல்லாம் இருந்தது, கட்ட ஆள் இல்லை. மோகனூர்ப் பக்கம் ஒரு மேஸ்திரி பள்ளிக்கூடம் மட்டுமே கட்டுவார் என்று யாரோ சொன்னார்கள். ஏன் மற்ற வீடு வாசல் கட்ட மாட்டார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வந்தவர் வண்டியிலிருந்து இறங்கியதும் முட்டி போட்டார். பூமியைக் கும்பிடுகிறார் என்று நினைத்து நாங்களும் கை கூப்பினோம். அவர் அப்படியே நடந்து இடம் முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மேஸ்திரி, காலுக்கு ஏதாச்சும் சொகமில்லீங்களா?" என்றேன்.

"காலு நல்லாத்தான் இருக்குதுங்க. வாத்தியாரு சாமி, நீங்க எத்தன வருசமாப் பெரிய ஆளா இருக்கறீங்க?"

"ஒரு ஆறு வருஷமா."

"நானு முப்பது வருசமா இருக்கறேன். பெரிய ஆளா நின்னுக்கிட்டுப் பாத்தா ஒரு எழவும் தெரியறதில்லீங்க. மூணடியில பாக்கோணும். உங்க பசங்க கண்ணு அங்கதான இருக்குது?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வேலைக்கு வருகிற அத்தனை பேரும் மனையின் எல்லைக் கல்லைத் தாண்டினால் முட்டி போட வேண்டும் என்று சட்டம் போட்டார். ஊர் கொதித்தது. தறிக்காரர் வீட்டுப் பாவாயி, சாந்துச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே சண்டைக்கு நின்றாள். அவள் நாக்குக்கு அந்தச் சுற்று வட்டாரமே பயப்படும்.

"ஏனுங்க மேஸ்திரி, எம்பட புருசனே இதுவரைக்கும் என்னைய முட்டி போடச் சொன்னதில்லீங்க. சொல்லியிருந்தா இப்ப அவருக்கு முட்டி இருக்காது. நீங்க ஆருங்க?"

"ஒரே ஒருக்கா போட்டுப் பாரு அம்மிணி. அப்புறமும் திட்டோணும்னா உக்காந்து கேக்கறேன்."

திட்டுவதற்கு உத்தரவாதம் கிடைத்ததால் பாவாயி முட்டி போட்டாள். சுற்றிப் பார்த்தாள். வாயைத் திறந்தவள் மூடவில்லை.

"வாத்தியாருங்க! கெணத்தக் காணமுங்க!"

நாற்பது அடி தள்ளிப் பாசனக் கிணறு; கைப்பிடிச் சுவரே கிடையாது. நின்றால் நன்றாகத் தெரிகிறது. முட்டி போட்டுப் பார்த்தால் ஆவாரஞ்செடிதான் தெரிகிறது, அதற்கு மேல் மஞ்சளாகப் பூ. பிடுங்கப் போகிற பிள்ளை நேராக உள்ளே போகும். அன்று சாயங்காலத்துக்குள் இருபத்தெட்டு பேர் முட்டி போட்டுவிட்டார்கள்.

கிணற்றுக்குச் சுவர் எழும்பியது. எவ்வளவு உயரம் போதும் என்று கண்டுபிடிக்க மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். கிணற்றின் வாயைப் பனங்கட்டைகளால் அடைத்து மூடிவிட்டு, சுவரின் மேல் ஒரு வெல்லக் கட்டியை வைப்பார். முப்பத்தொரு பிள்ளைகளையும் அவிழ்த்து விடுவார். யாராவது எடுத்துவிட்டால் சுவர் போதாது.

இரண்டரை அடியில் இருபத்து மூன்று பிள்ளைகள் எட்டினார்கள். மூன்றரை அடியில் பதினொன்று. நான்கரை அடியில் நான்கு. சுவர் உயர உயரப் பிள்ளைகளின் அறிவும் உயர்ந்தது. என் பாடத்தில் அந்த வேகத்தை நான் கண்டதில்லை. ஐந்தடியில் சின்னத்தாயி என்ற ஏழு வயதுப் பெண் மூன்று பையன்களைக் குனிய வைத்து, முதுகில் ஏறி வெல்லத்தை எடுத்து, நான்காகப் பங்கு போட்டாள்.

"ஒத்துமை வந்துருச்சுங்க," என்றார் மேஸ்திரி கவலையோடு. "இனி உசரத்த நம்பிப் பிரயோசனமில்லீங்க." சுவரின் தலையை வழுவழுவென்று உருட்டிப் பூசிவிட்டார். அதற்கப்புறம் வெல்லம் பிழைத்தது. அதற்குள் பதினாறு கட்டி போயிருந்தது.

மணியக்காரர் பாய்ந்து வந்தார். "ஏப்பா, வெல்லத்தச் செவுத்துக்குக் குடுத்தனா, பசங்களுக்குக் குடுத்தனா?"

"செவுத்துக்குத்தானுங்க. பசங்க வழியாப் போகுதுங்க."

ஜன்னலுக்கும் இதே பாடுதான். தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஜன்னல் வைத்தார். மணியக்காரர், "இப்புடி வெச்சா பசங்க வெளிய பாக்க மாட்டாங்களா?" என்றார். "அதுக்குத்தானுங்க ஜன்னலு," என்றார் மேஸ்திரி. மணியக்காரர் இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் வண்டியில் நிலையும் கதவுமாக வந்தார். அவருடைய பாட்டன் காலத்துக் கதவு. தூக்க எட்டு ஆள். கதவு முழுக்க இரும்புக் குமிழ், நாற்பத்தெட்டு. நிலையின் கீழ்க்கட்டை மட்டும் ஒன்றரை அடி உயரம். பள்ளிக்கூடத்துக்கு அதைத்தான் வைக்க வேண்டும் என்றார்.

மேஸ்திரி முட்டியோடு போய்க் கதவுக்கு எதிரில் நின்றார். இரண்டாவது வரிசைக் குமிழ் அவருடைய நெற்றிக்கு நேராக இருந்தது.

"இது கதவில்லீங்க. பசங்களுக்கு வெச்ச பொறிங்க."

"இந்தக் கதவு இல்லீன்னா இந்த எடமும் இல்லப்பா."

"சரிங்க. நீங்க ஒருக்கா முட்டி போட்டு இதத் தாண்டிக் காட்டுங்க. அப்பவே வெச்சுடறேன்."

"கொலசாமி முன்னால நெடுஞ்சாங்கெடையா உழுவேன். எவனுக்கும் முட்டி போட மாட்டேன்!"

முன்சுவர் நின்றுபோயிற்று. கதவு மாட்டிய நிலை மட்டும் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து வெறுமனே நின்றது. மாசி முடிய நான்கு நாள். நான் மணியக்காரரிடமும் மேஸ்திரியிடமுமாகப் பதினான்கு தடவை நடந்தேன். "ஒரு குமிழையாவது..." என்பேன் அங்கே. "ஒரு முட்டியாவது..." என்பேன் இங்கே. இரண்டு பேரும் அசையவில்லை. ஊரில் ஒருவர் தன் மகனை ஆடு மேய்க்கக் கூப்பிட்டுக்கொண்டும் போய்விட்டார். பெயர்ப் பதிவேட்டில் முப்பத்தொன்றை அடித்து முப்பது என்று எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தலைப்பாகை, கோட்டு. வண்டியை விட்டு இறங்கியவர் கண்டது: நாற்பது பேர் ஆணும் பெண்ணுமாகச் சாந்தும் கல்லும் சுமந்து முட்டியால் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் மேஸ்திரி நகர்ந்து வந்துவிட்டார். "கீழ எறங்குங்க சாமி. நின்னுக்கிட்டுப் போனா உள்ளார உட மாட்டேன்."

எனக்கு வேலை போயிற்று என்றே முடிவு செய்தேன். ஆனால் இன்ஸ்பெக்டர் போன வருஷம்தான் வேறோர் ஊரில் செருப்புக் காலோடு எங்கேயோ நுழைந்து, ஊரார் மேலிடத்துக்கு மனு எழுதி, படாத பாடு பட்டவர். ஊர் வழக்கம் என்றாலே அவருக்கு நடுக்கம். என் காதில், "ஓகோ, இது உங்க ஊர் ஐதீகமா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் செருப்பைக் கழற்றினார், கைக்குட்டையை விரித்தார், முட்டி போட்டார்.

மாலையோடு வந்த மணியக்காரர் அப்படியே நின்றார். சர்க்கார் தரையில் இருக்கிறது, தாம் நின்றுகொண்டிருக்கிறோம். மீசை நடுங்கியது.

"வாத்தியாரே, சர்க்காருல புதுசாச் சட்டம் ஏதாச்சும் போட்டுட்டாங்களா?"

நான் பேசாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ராஜதந்திரம் அதுதான். மணியக்காரர் முட்டி போட்டார். இரண்டு முறை சடக் சடக் என்று கேட்டது.

முதலில் இன்ஸ்பெக்டர் நிலையைத் தாண்டப் போனார். கட்டைமேல் ஏறியவர் அந்தப் பக்கமும் போகாமல் இந்தப் பக்கமும் வராமல் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி மாட்டிக்கொண்டார். பின்னாலேயே மரியாதைக்காக விரைந்த மணியக்காரரின் நெற்றி ஒரு குமிழில் மோதியது. "ஐயோ!" என்று இரண்டு குரல் ஒன்றாக எழுந்தது.

"எவன்டா இந்தக் கதவச் செஞ்சவன்!" என்று மணியக்காரர் கத்தினார்.

"உங்க பாட்டனாருங்க," என்றாள் பாவாயி.

மணியக்காரர் நெற்றியைத் தடவிப் பார்த்தார். கையில் கொஞ்சம் ரத்தம். பிறகு எதிரே ஜன்னலில் வரிசையாகத் தெரிந்த முப்பது தலைகளைப் பார்த்தார். எல்லாத் தலைகளும் சரியாகக் குமிழின் உயரத்தில் இருந்தன.

"ரம்பத்தக் கொண்டாங்கடா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "கட்டைய அறுத்துப் போடுங்க. குமிழ ஒண்ணு உடாமப் புடுங்குங்க."

இன்ஸ்பெக்டரைக் கழற்றியது அதற்குப் பிறகுதான். அவர் நல்ல மனிதர். கிணற்றுச் சுவரைத் தடவினார், ஜன்னலில் எட்டிப் பார்த்தார், எல்லாம் முட்டியோடு. பள்ளிக்கூடத்துக்கு அனுமதி எழுதினார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'இவ்வூரில் பள்ளிக்குள் மண்டியிட்டு நுழைவது பரம்பரை வழக்கம், வருகிற அதிகாரிகள் அனுசரிக்கவும்.' அது கோப்பில் இருந்ததால் அடுத்து வந்த நான்கு இன்ஸ்பெக்டர்களும் மண்டியிட்டே வந்தார்கள். ஐந்தாமவர் மூட்டுவாதக்காரர்; விலக்குக் கேட்டு முறைப்படி மனுப் போட்டார்.

ஆடு மேய்க்கப் போனவன் மறுநாளே வந்துவிட்டான். முன்சுவர் ஒன்பது நாளில் முடிந்தது. திறப்பு விழாவுக்கு இருக்கச் சொல்லி மணியக்காரரே கேட்டும் மேஸ்திரி இருக்கவில்லை. தம்மம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் கூரை இல்லாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னார். "வாரேன் சாமி," என்று வண்டி ஏறினார். வரவில்லை.

அவர் போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். கரும்பலகையையும் அவர் பிள்ளைகள் எட்டுகிற உயரத்திலேயே சுவரோடு பூசியிருந்தார். பிள்ளைகள் எழுதலாம், வாத்தியார் எழுத முடியாது. குனிந்தே எழுதினேன், இருபத்தாறு வருஷம். இடுப்பு போயிற்று. பிள்ளைகள் போன பிறகு, சுவரைப் பார்த்து அவரை வாயார வைதிருக்கிறேன். கேட்டுக் கேட்டு இரக்கப்பட்ட ஊரார் ஒரு நாள் கொத்தனாரைக் கூட்டி வந்து, பலகையை இடித்து இரண்டடி உயர்த்தித் தருகிறோம் என்றார்கள். அவன் உளியைப் பலகையில் வைக்கப் போனான். நான் போய்ப் பலகைக்கும் உளிக்கும் நடுவே நின்றுகொண்டேன்.

"இடுப்பு வலிக்குதுன்னுதானப்பா சொன்னேன்? பலகை தாழ்வா இருக்குதுன்னு நான் எப்பச் சொன்னேன்?"