பெண் பார்க்கப் போன இரும்புத் துண்டு

"ஜாதகம் வேணாமாம், போட்டோவும் வேணாமாம்" என்றாள் கல்யாணத் தரகு பார்க்கும் அமிர்தவல்லி. "பையன் தன் கையால வெல்டு வெச்ச இரும்புத் துண்டு ஒண்ணு கொண்டாரணுமாம். அதப் பார்த்துட்டுதான் பொண்ணு பதில் சொல்லுமாம். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

காலாப்பட்டில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றபடி அவள் இதைச் சொன்னாள். மதிவாணனின் அம்மா பாக்கியலட்சுமி மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். காலி அன்னக்கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டாள்.

"ஏன்? அது இரும்பத்தான் கட்டிக்கப் போவுதா?"

"மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனியில க்வாலிட்டியில இருக்குது அந்தப் பொண்ணு. யாரு வெல்டு சரி, யாரு வெல்டு தப்புன்னு சொல்றதுதான் வேல. மூஞ்சியில பொய் இருக்கலாம், வெல்டுல இருக்காதுன்னு சொல்லுதாம்."

முகத்தைப் பற்றி மதிவாணனுக்குக் கவலையில்லை. சுமாரான முகம்தான், ஆனால் அதில் ஓட்டைகள் கிடையாது. அவனுடைய வெல்டில் இருந்தன.

மேட்டுப்பாளையத்தில் அவனுக்கு ஒரு கிரில் பட்டறை. இரண்டு வருடத்துக்கு முன்பு, கேஸ் சிலிண்டர் தேவைப்படாத வெல்டிங் மிஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கினான். காற்றிலிருந்து வெல்டைக் காப்பாற்றும் மருந்து, உருகி வெல்டாகும் வயருக்கு உள்ளேயே இருக்கும். கடற்கரைப் பக்கம் கேட் மாட்டப் போனால் கேஸ் காற்றோடு போய்விடும் என்ற தொல்லை இல்லை. மிஷின் உழைத்தது. அவன் செய்த கேட்டுகள் நின்றன, திறந்தன, மூடின. ஆனால் இணைத்த இடத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால், சாணி உருண்டைகளை வரிசையாக அப்பிவைத்தது போலிருக்கும். சுற்றிலும் இரும்புப் பொறிகள் தெறித்து ஒட்டியிருக்கும். யாரும் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் அவன் கூட்டாளி ராஜா அதன்மேல் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிடுவான்.

அந்தப் பெண் சத்யப்பிரியாவை மதிவாணன் ஒரே ஒரு முறை, வெல்டிங் சாமான் விற்கும் கடையில் பார்த்திருக்கிறான். வயர் சுருளை விரலால் தடவிப் பார்த்து, "துருப் புடிச்ச வயர எந்த தைரியத்துல விக்கிறீங்க?" என்று அவள் கடைக்காரரைக் கேட்டாள். கடைக்காரர் பதில் தேடி முடிப்பதற்குள் இவன் தீர்மானத்துக்கு வந்துவிட்டான். அப்போது அவன் கையில் அதே துருப்பிடித்த வயர் இருந்தது. அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். வெல்டிங் பட்டறைக்காரனுக்குப் பெண் கொடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று பல வீடுகளில் கை விரித்துவிட்ட நிலையில், இந்த இடத்தை அமிர்தவல்லியிடம் அவனேதான் சொன்னான். இது தவறினால் வேறு பெண் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லியிருந்தான்.

மறுநாள் பட்டறையில், இரண்டு இரும்புப் பட்டைகளை இணைத்து ஒரு துண்டு செய்தான். மேலே படிந்த கசடைச் சுத்தியால் தட்டிவிட்டு, சாப்பாடு கொண்டுவந்த அம்மாவிடம் நீட்டினான்.

பாக்கியலட்சுமி அதை மீன் பார்ப்பது போலப் பார்த்தாள். திருப்பினாள், நகத்தால் கீறினாள், முகர்ந்தாள்.

"இன்னாடா இது, மூஞ்சியில அம்ம போட்டாப்புல இருக்குது?"

"பொறி தெறிச்சு ஒட்டிக்கிதும்மா."

"எண்ண தடவினா ஒட்டாது மச்சான்" என்றான் ராஜா. "தோசக்கல்லுக்குத் தடவுற மாதிரி. நான் வீடியோவுல பார்த்தேன்."

வீடியோவில் அதற்கென்று விற்கும் எண்ணெயை, இணைப்பை விட்டுவிட்டு ஓரத்தில் மட்டும் தெளித்திருந்தார்கள். ராஜா வீடியோவை முழுவதும் பார்த்திருக்கவில்லை. பாக்கியலட்சுமியின் அடுப்படியிலிருந்து, மீன் வறுத்து மிச்சமிருந்த எண்ணெய் வந்தது. அதில் இரும்பைக் குளிப்பாட்டிய பிறகே மதிவாணன் வெல்டிங் டார்ச்சை வைத்தான். புகை பட்டறையை நிரப்பிக்கொண்டு தெருவுக்குப் போனது. வறுத்த வஞ்சிரத்தின் வாசனைக்கு ஒரு பூனை வந்தது. பிறகு அதன் உறவுகள் வந்தன. பக்கத்து லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "ஓட்டல் எப்பப்பா தொறந்தீங்க?" என்று கேட்டார்.

புகை அடங்கியபோது, பொறி ஒன்றுகூட ஒட்டவில்லை. வெல்டு மட்டும் ஆப்பம் போலக் கண்கண்ணாக வெந்திருந்தது.

"கிரைண்டர் போட்டுத் தேச்சுரு" என்றான் ராஜா.

தேய்த்தான். ஓட்டைகள் குறையக் குறைய வெல்டும் குறைந்தது. கடைசியில் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே ஒன்றுமே இல்லாதது போல வழவழவென்று ஆயிற்று.

"வெல்டு எங்கடா?" என்றாள் அம்மா.

"அதான்ம்மா தெரியாது. அவ்ளோ நைஸ்."

"தெரியாத வெல்ட அவ எப்பிடிடா பார்ப்பா?" என்று கேட்டபடி அவள் துண்டைத் தூக்கினாள். ஒரு பட்டை அவள் கையோடு வந்தது. மற்றது தரையிலேயே இருந்துவிட்டது.

இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்பே ராஜா யோசனை சொன்னான். "நெறைய வெல்டு வையி. தேச்சாலும் மீதி இருக்கணும்." மதிவாணன் வைத்தான். வைத்த இடத்திலேயே மறுபடி வைத்தான். அசிங்கமாகத் தெரிந்த இடத்தை மூட இன்னும் கொஞ்சம், அது பிதுங்கிய பக்கத்தைச் சமன்செய்ய மறுபக்கத்திலும் கொஞ்சம். ராஜா அதற்குப் பட்டி தடவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, காயும்வரை விசிறினான். சாயங்காலம் அது பலாக்காய் அளவில் பளபளத்தது.

பாக்கியலட்சுமி இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள்.

"இத எடுத்துனு வைத்திக்குப்பத்துல பொண்ணு வூட்டுக்குப் போனா, நங்கூரம் குடுக்க வந்திருக்கோம்னு படகுல கட்டிருவாங்க."

"பின்ன இன்னாதான்ம்மா பண்ணச் சொல்ற?"

"நல்ல வெல்டு எப்பிடிடா இருக்கும்? எனக்குப் புரியிறாப்புல சொல்லு."

மதிவாணன் யோசித்தான். "மீன் செதிலு மாதிரி இருக்கணும்மா. ஒண்ணுமேல ஒண்ணு, ஒரே அளவா, வரிசையா."

"அடப்பாவி! இத மொதல்லியே சொல்லக் கூடாதா? கொடுவாச் செதிலு மாதிரி இருக்கணும்னு சொல்லு. அத தேடிப் பார்த்து எடுக்க வேண்டியதுதான். நான் இன்னா, மீனச் செஞ்சா விக்கிறேன்?"

இப்படித்தான் மூவரும் கலியபெருமாளின் பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். கம்பெனிகள் கழித்துப்போடும் துண்டுகளெல்லாம் அங்கேதான் வந்து குவியும். பாக்கியலட்சுமி குவியல் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஏலத்தில் மீன் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கலியபெருமாள் சற்று நேரம் வேடிக்கை பார்த்தார்.

"கல்யாண விஷயமா?" என்று கேட்டார்.

மதிவாணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்பிடிண்ணே தெரியும்?"

அவர் உள்ளே போய், தராசுக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தார். கனமான இரண்டு தகடுகள். நடுவே ஒரே கோடாக வெல்டு. ஒவ்வொரு செதிலும் முந்தைய செதிலின் தோளில் பாதி சாய்ந்தபடி, கடைசிவரை அளவு பிசகாமல் போயிருந்தது. ஓரத்தில் ஒரு விரலகலம் மட்டும் வெல்டு வைக்காமல் விட்டிருந்தார்கள்.

"யம்மாடி, கொடுவா!" என்றாள் பாக்கியலட்சுமி.

"எவ்ளோண்ணே?"

"காசெல்லாம் வேணாம், எடுத்துனு போ" என்றார் கலியபெருமாள். "எப்பிடியும் திரும்பி வந்துரும்."

நல்ல நேரத்தில் அபசகுனமாகப் பேசுகிறாரே என்று பாக்கியலட்சுமி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை காலை, ஏற்பாடுகளைப் பார்க்க அமிர்தவல்லி பட்டறைக்கு வந்தாள். துண்டைப் பார்த்ததும் அவள் முகம் மலரவில்லை, சுருங்கியது.

"இது நீ போட்டதா தம்பி?"

"ஆமாக்கா."

"எங்க வூட்டு கேட்டு நீ போட்டது. அதத் தெனம் தொறந்து மூடறவ நான். என்னாலயே நம்ப முடியலியே, அந்தப் பொண்ணு நம்புமா? சினிமா ஸ்டார் போட்டோவக் குடுத்து மாப்பிள்ளன்னு சொன்னாப்புல இருக்குது."

நால்வரும் துண்டைச் சுற்றி உட்கார்ந்து கவலைப்பட்டார்கள். இவ்வளவு நேரம் அழகு போதவில்லை என்பது சிக்கல். இப்போது அழகு அதிகமாகிவிட்டது.

"கடைசியில ஒரு வெரலு எடம் காலியாத்தானே கெடக்குது?" என்றாள் அமிர்தவல்லி. "அங்க உன் கைவரிசயக் கொஞ்சம் காட்டு. லேசா அசிங்கமா இருக்கட்டும். அப்பதான் மனுசன் போட்டதுன்னு நம்பிக்க வரும்."

மதிவாணன் டார்ச்சை எடுத்தான். இவ்வளவு நல்ல வெல்டின் பக்கத்தில் இதுவரை அவன் வேலை செய்ததில்லை. முழுவதையும் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து, வாழ்க்கையில் முதல்முறையாக இரும்பைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தான். துரு, எண்ணெய், தூசி எல்லாம் போய் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தேய்த்தான்.

"ரொம்ப சுத்தம் பண்ணாத மச்சான், நல்லா வந்துரப் போவுது" என்று எச்சரித்தான் ராஜா. பிறகு அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. "கெடணும்னா ஒரே வழி. மிஷினுல ப்ளஸ்ஸு மைனஸ்ஸ மாத்திப் போட்டுரலாம். வெல்டு கண்றாவியா வரும்."

மிஷினின் மூடியைத் திறந்து இணைப்புகளை மாற்றிப் போட்டான். டார்ச் மைனஸுக்குப் போனது. மதிவாணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, டார்ச்சைத் தள்ளாமல், தொட்டால் உடைந்துவிடும் பொருளை நகர்த்துவது போல மெல்லத் தன் பக்கம் இழுத்தான். சத்தமே வேறாக இருந்தது. எப்போதும் பட்டாசு வெடிக்கும். இன்று எண்ணெயில் அப்பளம் பொரிந்தது.

கசடைத் தட்டினான். அது ஓடு உரிவது போல ஒரே துண்டாகக் கழன்று விழுந்தது.

அடியில் செதில்கள் இருந்தன.

"இன்னா மச்சான் பண்ணித் தொலச்ச?" என்றான் ராஜா.

"நான் ஒண்ணும் பண்ணலடா!"

பாக்கியலட்சுமி குனிந்து பார்த்தாள். "கொடுவா இல்ல. ஆனா கெண்ட அளவுக்கு வந்திருக்குது."

ராஜா மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்தை அப்போதுதான் கவனித்தான். கேஸ் இல்லாத வயருக்கு டார்ச் மைனஸில் இருக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருந்தது.

"ரெண்டு வருசமா இந்த மூடியத் தொறந்துதான வயரு மாட்டுற? இதப் பார்க்கவே இல்லியா?"

"கரண்டு அடிக்கும், ஜாக்கிரதன்னு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்டா."

இன்னொரு முறை கெடுத்துப் பார்க்க இடமில்லை. விரலகலமும் நிரம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வைத்திக்குப்பத்தில் சத்யப்பிரியாவின் வீட்டுக்குப் போனபோது, வெற்றிலை, பழம், பூ ஆகியவற்றுக்கு நடுவே தாம்பாளத்தில் அந்தத் துண்டு மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது. பெண்ணின் அப்பா குப்பன் எல்லோரையும் உட்காரச் சொன்னார். அம்மா தில்லையம்மாள் தாம்பாளத்தைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். குப்பன் உடனே ஜன்னல் வழியாகக் கரையில் கிடந்த படகுகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

சத்யப்பிரியா ஒரு கையில் காபித் தட்டும் மறு கையில் சின்ன டார்ச் லைட்டுமாக வந்தாள். காபியை வைத்துவிட்டு, துண்டை எடுத்துக் குங்குமத்தைத் துணியால் துடைத்தாள்.

"பொட்டு வெச்சா ஓட்ட மறஞ்சிரும்மா" என்றாள்.

"தெரியாம வெச்சுட்டேன் கண்ணு" என்றாள் பாக்கியலட்சுமி.

லைட் நேராகக் கடைசி விரலகலத்துக்குப் போய் நின்றது. பெரிய வெல்டின் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. தட்டினாள், தடவினாள், சாய்த்துப் பார்த்தாள்.

"இந்த ஓரம் யாரு வெச்சது?"

"நான்தாங்க."

"மீதி?"

"அதுவும் அவன்தான் கண்ணு" என்று பாக்கியலட்சுமி முந்தினாள். "சோறு தண்ணி இல்லாம..."

சத்யப்பிரியா மதிவாணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த வயரைப் பார்த்த அதே பார்வை. முதுகுக்குப் பின்னால் மறைக்க இந்த முறை எதுவும் இல்லை.

"மீதி நான் இல்லீங்க" என்றான்.

அமிர்தவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மிஷினுல டார்ச்சு எதுல இருந்துச்சு, ப்ளஸ்லயா மைனஸ்லயா?"

"மைனஸ்லங்க."

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்துங்க."

சத்யப்பிரியாவின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாக்கியலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "புறப்படுடா மதி. நல்ல எடத்தக் கெடுத்துட்டியே."

"உக்காருங்க அண்ணி" என்றாள் தில்லையம்மாள். "பொண்ணுக்குப் புடிச்சிருக்காம்."

"இன்னாது? அந்த ஓரத்துல இருக்கிற துளியூண்டு வெல்டப் பார்த்தா? பெரிய வெல்ட அது திரும்பிக்கூடப் பார்க்கலியே!"

"அத எதுக்கு அண்ணி பார்க்கணும்? கம்பெனியில சேர்றப்ப பரீட்சைக்கு இவ போட்ட துண்டுதான அது. இதோட நாலு மாப்பிள்ளைங்க அதையே தூக்கினு வந்துட்டாங்க, நாங்களும் ஒவ்வொரு வாட்டியும் இரும்புக் கடைக்கே திருப்பி அனுப்பிட்டோம். அதுல தன் கையால கொஞ்சமாச்சும் வெல்டு வெச்சுக் கொண்டாந்தது உங்க புள்ள ஒருத்தருதான்."