தாய்மாமன் செத்த லீவு

வியாழக்கிழமை காலையில், பால்வெட்டுக்குப் போன இடத்தில், பத்தாவது ரப்பர் மரத்தடியில் நின்று அழகமுத்து ஒரு முடிவு எடுத்தான். ஓர் ஆளைச் சாகடித்தே தீர வேண்டும். யாரை என்பதுதான் தெரியவில்லை.

அவனைக் கொலைகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். கோழி அறுத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜென்மம் அது. அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு சாவு, அவ்வளவுதான். அந்த வருஷம் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. நிவித்திகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் பாதி மரங்களைப் பால் வெட்டாமலே விட்டிருந்தார்கள். காரணமில்லாமல் ஒரு நாள், காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு வராதவன் பேரைத் துரை வெட்டிவிடுவார். பேர் போனவன் பெண்டாட்டி பிள்ளையோடு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். வாரத்துக்கு ஒரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. சாவு ஒன்றுக்கு மட்டும் லீவு உண்டு. அதுவும் லயத்து வரிசையில் ஒரு குடும்பம் இருக்கிற ஒரு காம்பராவிலிருந்து ஒரே ஆள், இரண்டே நாள்.

சனிக்கிழமை கொழும்பில் ராஜபார்ட் சோலையப்பாவின் கடைசி ஆட்டம். திங்கட்கிழமை நாடகக் கம்பெனியோடு கப்பலேறுகிறார். இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லையாம்.

சோலையப்பா என்றால் அழகமுத்துவுக்கு உயிர். பஜாரில் முக்தார் நானா கடையில் ஒரு பாட்டுப்பெட்டி இருந்தது. கால் கொத்து உப்பு வாங்கப் போனாலும் அதில் சோலையப்பா மூன்று பாட்டுப் பாடி முடிக்கும்வரை அழகமுத்து நகரமாட்டான். மழையில் நனைந்தபடி நிற்பான். வீட்டில் குழம்பு உப்பில்லாமல் கொதித்துக்கொண்டிருக்கும். இரத்தினபுரிக்கு வருகிற சின்னச் சின்னக் கம்பெனிகளின் ஆட்டங்களை எல்லாம் பார்த்திருக்கிறான். சோலையப்பா மட்டும் மலைப்பக்கம் வந்ததே இல்லை. பத்து வருஷமாகப் பெட்டிக்குள்ளிருந்து வந்த குரலை, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த மனுஷன் வாயிலிருந்து கேட்டுவிட வேண்டும். பெஞ்சு டிக்கட்டுக்கு முக்தார் நானாவிடம் சொல்லி வைத்து, அதுவும் கைக்கு வந்து, நானாவின் கடை மேசையில் பத்திரமாக இருந்தது. சனிக்கிழமை சாமான் ஏற்றக் கொழும்புக்குப் போகிற நானாவின் லாரியில் இடமும் இருந்தது. பிணம் ஒன்றுதான் பாக்கி.

அழகமுத்துவின் பக்கத்தில் ஆள் தட்டுப்பாடு. இரத்தினபுரிக்கு வந்த ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு உறவாகக் கொடுத்துத் தீர்த்திருந்தான். அத்தை போனாள். சித்தப்பா போனார். பெரியப்பாவை ஞாபகப் பிசகில் இரண்டு தடவை அனுப்பிவிட்டான். போன தடவை கங்காணி இராமசாமி அவனை ஏற இறங்கப் பார்த்து, "ஒங்க வம்சத்துல இனி சாகுறதுக்கு நீ ஒருத்தன்தாண்டா பாக்கி" என்று சொல்லியிருந்தார்.

பதினோராவது மரத்தடியில் விடை கிடைத்தது. பெண்டாட்டி இருளாயிக்கு ஒரு தாய்மாமன் உண்டு. பழனியாண்டி என்று பேர். கொழும்பு துறைமுகத்தில் கரி சுமக்கிறவர். அழகமுத்து அவரைத் தன் கல்யாணத்தில் பார்த்தது. அதற்கப்புறம் இருக்கிறாரா, எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. இருந்து ஒன்றும் ஆகவில்லை, செத்தாவது உதவட்டும் என்று அந்த மரத்திலேயே கத்தியை வைத்து வெட்டினான்.

பாலை ஊற்றிவிட்டு லயத்துக்கு வந்தபோது இருளாயி அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். ஈர விறகு. காம்பரா முழுக்கப் புகை. அழகமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

"என்னங்க, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்புக்கு என்ன. மனசுதான்."

"மனசுக்கு என்ன வந்துச்சு?"

"மனசத் தேத்திக்க இருளாயி. ஒங்க மாமா போயிட்டாரு."

"எந்த மாமா?"

"பழனியாண்டி மாமா."

இருளாயி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அவனைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"எப்ப?"

"நேத்து சாயங்காலம்."

"என்னவாம்?"

"நெஞ்சு வலியாம். இப்பிடி கைய வச்சாராம். போயிட்டாராம்."

"யாரு சொன்னா?"

"முக்தார் நானா லாரியில வந்த ஆளு சொன்னாரு."

"முக்தார் நானா லாரியிலயா?"

"ஆமா."

"நல்லா விசாரிச்சீங்களா? பழனியாண்டி மாமாதானா?"

"அந்த மனுசன் பேர நான் மறப்பேனா? சொக்கத் தங்கமில்ல. நெதம் நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நெதமா?"

"நெதமும்."

இருளாயி மெல்லக் கொண்டையை அவிழ்த்தாள். சுவரோடு சாய்ந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். கொஞ்சம் மூக்கைச் சிந்துவாள், ஒப்புக்கு இரண்டு சொட்டு விடுவாள் என்று அழகமுத்து கணக்குப் போட்டிருந்தான். இது அடிவயிற்றிலிருந்து வந்தது. மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"கரி சுமந்த மாமா, நீ கண்மூடிப் போகையில
காடு மல தாண்டி வர எனக்குக் காலில்லாமப் போச்சே.
வாசப்படி ஏறி வந்து வாய்க்கரிசி போடலியே,
மூடுன மண் காஞ்ச பின்னே மொகம் பாக்க வந்தேனே."

அவள் இப்படி அழுது அழகமுத்து பார்த்ததே இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லாம் பொய் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் லயத்துப் பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். "யாரு, என்ன" என்று கேட்டார்கள். "பழனியாண்டி மாமா நேத்து சாயங்காலம் செத்துட்டாராம். இவருதான் சேதி கொண்டாந்தாரு" என்றாள் இருளாயி. பக்கத்துக் காம்பரா சுப்பம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றாள். பாவம், என்ன பாசம் என்று அழகமுத்து நினைத்தான்.

சாயங்காலம் கங்காணி இராமசாமி, மனைவி தங்கம்மாவோடு துக்கம் விசாரிக்க வந்தார். அழகமுத்து எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"கங்காணியய்யா, நாளைக்கழிச்சு சனிக்கிழம எடுக்குறாங்களாம். நான் போயி ஆகணும்."

"புதன்கெழம செத்தவர சனிக்கெழமையா எடுக்குறாங்க?"

இதை அழகமுத்து யோசித்திருக்கவில்லை. "கொழும்புல அப்பிடித்தானாம் ஐயா. ஐஸ்ல வைப்பாங்களாம்" என்றான்.

"கரி சுமந்த ஆள ஐஸ்லயா? குடுத்து வச்சவரு." கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார். "செத்தவரு ஒனக்கு என்ன வேணும்?"

"எனக்கு... இருளாயிக்குத் தாய்மாமன்."

"அப்ப லீவு இருளாயிக்கு."

அழகமுத்து கட்டியிருந்த கையைப் பிரித்தான்.

"ஐயா, ஒத்தப் பொம்பளைய எப்பிடி அவ்வளவு தூரம்..."

"ஒத்தையா எதுக்குப் போகணும்? நான் கூடப் போறேன்" என்றாள் தங்கம்மா.

"அப்ப நானும் கூடவே ஒரு..."

"ஒரு காம்பராவுக்கு ஒரு ஆளுதாண்டா. துரை சட்டம். தாய்மாமன் சாவுக்குக் கூடப்பொறந்தவ பொண்ணு போகாம, கட்டிக்கிட்டவன் போனான்னு கேட்டா ஊர் சிரிக்காது?" என்று கங்காணி சொன்னார். "நீ இங்க இருந்து பிள்ளையப் பாத்துக்க. வந்து துக்கம் கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லு. இன்னொன்னு. பதினாறு நாளைக்கு வாயில பாட்டு வரக் கூடாது. ஒன்னத் தெரிஞ்சுதான் சொல்றேன்."

அழகமுத்து இருளாயியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "மாமாவுக்கு ஒரு கோடித்துணி எடுக்கணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவன் பஜாருக்கு ஓடினான். வழியில் வெற்றிலை விற்கிற சிங்களக் கிழவிக்குக்கூட விஷயம் எட்டியிருந்தது. "அனே பவ்", ஐயோ பாவம் என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். முக்தார் நானா கடையில் பாட்டுப்பெட்டி மூடியிருந்தது. துக்க வீடு என்று மரியாதையாம்.

"வாங்க அழகமுத்து. என்ன செய்யிற, மௌத்து எல்லாருக்கும் ஈக்கிதானே. என்ட லாரியில வந்த ஆளுதான் சொன்னதாமே. எனக்கு ஒரு சொல்லு சொல்லல்ல பாருங்க அவன்."

"நானா, அது இருக்கட்டும். என் டிக்கட்டு என்ன ஆகும்?"

"இப்படியான நேரத்தில டிக்கட்டப் பத்தி யோசிக்கலாமா?"

"இல்ல நானா, வீணாப் போயிடுமேன்னு."

"வீணாப் போகாது. அதுக்கு நான் பொறுப்பு. நீங்க நிம்மதியா அழுங்க."

நிம்மதியாகத்தான் அழ வேண்டியிருந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் லாரி புறப்பட்டது. இருளாயி கோடித்துணியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் இரத்தினபுரிக்கு அப்பால் போனதில்லை. தங்கம்மா பலகாரம் கட்டிய பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்தாள். சாவு வீட்டுக்கு எதற்குப் பலகாரம் என்று அழகமுத்துவின் மனசில் ஓடியது. கேட்பதற்குள் லாரி நகர்ந்துவிட்டது. லாரி வளைவில் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது.

அந்த நாளை அவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். மழையில் பால்வெட்டு இல்லை. லயமே வேலையில்லாமல் கிடந்ததால், லயமே துக்கம் விசாரிக்க வந்தது. "எப்பிடிங்க செத்தாரு?" என்று கேட்டார்கள். நெஞ்சில் கை வைத்துக் காட்டினான். அடுத்தவர் வந்து, "எந்தக் கைய வச்சாரு?" என்றார். சுப்பம்மா, "கடேசியா ஒங்களப் பத்தி ஏதும் சொன்னாராமா?" என்று கேட்டாள். பதினேழு தடவை பழனியாண்டி மாமாவைச் சாகடித்து முடித்தபோது அவனுக்கே நெஞ்சு வலித்தது. கூரை ஒழுகியது. பிள்ளை அம்மாவைக் கேட்டு அழுதது. மூன்று வயசுப் பிள்ளை, பாட்டுப் பாடினால்தான் அடங்கும். பாட வாயெடுத்தான். பக்கத்துக் காம்பராவிலிருந்து, "பதினாறு நாளு" என்று ஒரு குரல் வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

ஆறு மணி ஆனது. இந்நேரம் கொழும்பில் திரை தூக்குவார்கள். சோலையப்பா கிரீடத்தோடு வந்து நிற்பார். அவனுடைய பெஞ்சில் வேறு எவனோ உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டிருப்பான். அழகமுத்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த மூன்று நாளில் அவன் அழுத நிஜமான அழுகை அது ஒன்றுதான். எதிர்க் காம்பராக்காரர் பார்த்துவிட்டு, "மனசத் தேத்திக்கப்பா, மாமா திரும்பியா வரப்போறாரு" என்றார்.

இருளாயி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது. வந்ததும் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அழகமுத்துவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கொழும்பில் மாமா கல்லுக் குண்டாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தானே வந்திருப்பாள். முந்திக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தான்.

"இருளாயி, அந்த லாரி ஆளு ஒருவேள தப்பாச் சொல்லியிருப்பான்."

"தப்பில்லீங்க. மாமாவப் பாத்தேன்."

"பாத்தியா?"

"புதைச்ச எடத்துக்கு முக்தார் நானா கூட்டிட்டுப் போனாரு. புல்லு மொளைச்சுக் கெடந்துச்சு. கோடித்துணியப் போத்தி, கும்பிட்டு, வயிறெரிய அழுதேன். தங்கம்மா அக்காவும் அழுதாங்க."

"புல்லா? புதைச்ச அன்னைக்கேவா?"

இருளாயி அடுப்பைப் பற்ற வைத்தாள். "பொறவு சாயங்காலம் ராஜபார்ட்டப் பாத்தோம்" என்றாள்.

"எந்த ராஜபார்ட்?"

"சோலையப்பாதான். வேற யாரு. ஒங்க டிக்கட்டுல நான். அக்காவுக்கு நானா ஒன்னு எடுத்துக் குடுத்தாரு. அம்மாடி, அது பாட்டா. நாடு போயி, பொண்டாட்டி போயி, ஒத்தையா நின்னு ஒரு பாட்டுப் பாடினாரு பாருங்க. கொட்டகையே அழுதுச்சு. நானும் சாமான் வாங்கப் போறப்ப எல்லாம் அந்தக் கொரலப் பஜார்ல கேட்டிருக்கேன். நேர்ல கேக்கணும்னு எனக்கும் இருந்துச்சு. நீங்க என்னைய ஒரு நாளும் கேட்டதில்ல."

அழகமுத்து வாசற்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்கே பிடித்துக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"அப்ப மாமா..."

"மாமா செத்து ஆறு வருசமாச்சுங்க. இதே முக்தார் நானாதான் சேதி கொண்டாந்தாரு. அன்னைக்கு நீங்க ரெண்டாவது தடவையா பெரியப்பாவச் சாகடிச்சிட்டு இரத்தினபுரிக்கு ஆட்டம் பாக்கப் போயிட்டீங்க. இந்தக் காம்பரா லீவு ஒங்க பேர்ல போயிடுச்சு. என்னால போக முடியல. லயமே வந்து துக்கம் கேட்டுச்சு. கங்காணியய்யா வந்தாரு. நீங்க மட்டுந்தான் இல்ல."

லயமே வந்தது. கங்காணி வந்தார். எந்தக் கையை வைத்தார் என்று கேட்டவர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். அழகமுத்துவுக்குக் காது சுட்டது. ஆறு வருஷமாகத் தன் பெண்டாட்டியின் தாய்மாமன் உலகத்தில் இல்லை என்பது அந்த மலையில் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. கடைசியாக ஒரு பிடி கிடைத்தது. எழுந்து நின்றான்.

"சரி, போனேன். ரெண்டு நாள்ல திரும்பி வந்தேன்ல? கட்டின புருசன். வந்ததும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்க வேணாமா?"

இருளாயி அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"சொன்னேங்க. நீங்க பாடிக்கிட்டிருந்தீங்க."