நெவிலின் திருப்புளி

கெட்டுப்போன பொருளைப் பழுது பார்ப்பவர்கள் புண்ணியவான்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. கெடாத பொருளைப் பழுது பார்க்கும் இனம் ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நன்றாக ஓடுகிற எதைக் கண்டாலும் இவர்களுக்குக் கை அரிக்கும். திறந்து, குடைந்து, ஒன்றைக் கழற்றி இரண்டைச் செருகி, மூடும்போது மிஞ்சிய ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால்தான் நிம்மதி. டட்லி என்ற ஆங்கிலேய ஊரின் நெவில் கிராடக் இந்த இனத்துக்கே அரசர்.

உலகம் அவரை ராக் கிடார் மேதை என்று கொண்டாடும். தெருக்காரர்களுக்கோ அவர் டோஸ்டரை இரவல் கொடுக்கக் கூடாத மனிதர். இளவயதில் ஓர் ஒத்திகையில் அவருடைய கிடாருக்குள் ஒரு கம்பி கழன்று, பூனையின் வாலை மிதித்தது போல ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் இசைத்தட்டில் ஏறி, அவருடைய இசைக்குழுவைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோயிற்று. கழன்ற கம்பிக்குச் சேரவேண்டிய புகழை நெவில் தன் மூளைக்கு வரவு வைத்துக்கொண்டார். அதன்பின் எந்தக் கிடாரும் அவரிடம் வாங்கிய கோலத்தில் தங்கியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை நிறையக் கிடார்கள். ஒன்றுக்குள் முடி உலர்த்தும் கருவியின் சுருள். இன்னொன்றின் நெற்றியில் வாசல் மணியின் பொத்தான். எடை குறையட்டும் என்று ஒன்றின் முதுகில் சல்லடையாக ஓட்டை போட்டிருந்தார், அதை மழையில் வெளியே எடுக்க முடியாது. டட்லியில் மழை இல்லாத நாள் எது?

விருந்தாளிக்கு முதலில் தேநீர், பிறகு பரீட்சை. ஒரு சுரத்தை மீட்டுவார். கிடாரில் தான் பொருத்திய ஒரு ஸ்விட்சைத் தட்டுவார். அதே சுரத்தை மீட்டுவார்.

“வித்தியாசம் தெரியுதா?”

தெரியவில்லை என்றவர்களுக்கு மறுபடி மீட்டுவார். ஆகையால் எல்லோருக்கும் தெரிந்தது.

“இந்த ஸ்விட்ச் எதுக்கு?” என்று ஒரு பத்திரிகைக்காரி கேட்டாள்.

“அது இன்னும் முடிவாகல” என்றார் கம்பீரமாக.

இப்பேர்ப்பட்ட கொட்டகைக்குத்தான் கிளெம் பாஸ்மோர் தன் நீலக் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழுவில் நெவிலின் தோளோடு தோள் நின்று வாசித்தவர். வாழ்நாள் முழுக்க அதே ஒரு கிடார்தான், அறுந்த தந்தியை மாற்றியதைத் தவிர அதில் அவர் கை வைத்ததில்லை. இப்போது முடக்குவாதம் வந்து விரல்கள் மடங்க மறுத்தன.

“சுவத்துல மாட்டிப் பாத்துக்கிட்டே இருக்க முடியலடா. வர்ற டவுன் ஹால் கச்சேரியில நீ இத வாசி. நான் கீழ உக்காந்து கேக்கறேன்.”

“கண்டிப்பாடா.”

“திறக்காத.”

“என்னை யாருன்னு நெனச்ச?”

“நெவில்னுதான் நெனச்சேன்.”

“சத்தியம் வாங்கிக்கோ கிளெம்” என்றாள் நெவிலின் மனைவி லொரேன். “எங்க டோஸ்டர் இப்ப ஒரு பக்கம்தான் வாட்டுது.”

நெவில் சத்தியம் செய்தார். மனதாரத்தான் செய்தார். நண்பன் மேல் அவருக்கு உயிர். திறக்காமலே வாசித்துப் பார்த்தார். சத்தம் சரியாக இருந்தது. அதுதான் அவரைக் கொன்றது. ஒரு திருத்தமும் இல்லாமல், கொட்டகையில் இருந்த அத்தனையையும் விட நன்றாக இருந்தது. பெட்டியில் வைத்து மூடிவிட்டு நாயோடு நடக்கப் போனார். பாதியிலேயே திரும்பி வந்தார். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்ப்பது திறப்பதாகுமா? பார்த்தார். தந்தியின் ஒலியைப் பிடிக்கும் பழைய சுருளுக்குப் பக்கத்தில் இன்னொரு சுருளுக்கு இடம் இருந்தது. இடம் இருந்தால் அது யார் குற்றம்? ஒரு ஸ்விட்ச் மட்டும். சின்ன ஸ்விட்ச்.

துளைபோடும் சத்தம் கேட்டு லொரேன் வாசலில் வந்து நின்றாள்.

“அது கிளெம்மோடதா?”

“முதுகுப் பக்கம்தான். யாருக்கும் தெரியாது.”

அவள் திரும்பிப் போனாள். அன்று அவர் தட்டில் மட்டும் பட்டாணி ஆறிப்போயிருந்தது.

டவுன் ஹாலில் கிளெம் முன்வரிசையில், கைகளை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தார். நெவில் ஸ்விட்ச் பக்கமே போகாமல் பாட்டுக்குப் பாட்டு வாசித்துக்கொண்டு வந்தார். கடைசிப் பாட்டின் நடுவில் தட்டினார். தட்டாமல் இருக்க அவர் என்ன முனிவரா?

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் வந்த கிளெம்முக்குக் கண் கலங்கியிருந்தது.

“என் கிடார்தாண்டா. அப்படியே இருந்துச்சு. நானே வாசிக்கற மாதிரி. சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட.”

நெவில் தப்பித்தார். வாயை மூடிக்கொண்டு நண்பனுக்கு ஒரு பியர் வாங்கிக் கொடுத்திருந்தால் எல்லாம் சுபம். லொரேன் அவர் முழங்கையைக் கிள்ளவும் செய்தாள். ஆனால் ‘அப்படியே’ என்ற அந்தச் சொல் மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது.

“அப்படியேவா? கடைசிப் பாட்டுல வித்தியாசம் தெரியலையா?”

“என்ன வித்தியாசம்?”

கிளெம் கிடாரை வாங்கித் திருப்பினார். மடங்காத விரல்களால் அதன் முதுகைத் தடவிக்கொண்டே போய், ஸ்விட்ச் தட்டுப்பட்ட இடத்தில் நிறுத்தினார். தட்டிப் பார்க்க முயன்றார், கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. உதவிக்கு நெவில் கை நீட்டியதும் கிடாரை மார்போடு இழுத்துக்கொண்டார்.

“பழையபடி ஆக்கித் தர்றேண்டா. ஒரு வாரம் எங்கிட்ட விடு.”

“அதுக்குத்தான் பயப்படறேன்” என்றார் கிளெம்.

மழையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லொரேன்தான் அவரைக் கார் வரை கொண்டுபோய் விட்டாள். கிடார் மறுபடியும் கிளெம் வீட்டுச் சுவருக்குப் போயிற்று. நெவிலின் தொலைபேசி அழைப்புகளை அவர் எடுக்கவில்லை.

நெவில் அழுதார். பொய்யில்லை, தேம்பியே அழுதார். மறுநாள் கொட்டகைக்குப் போய், இனி எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்து, வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, உட்கார்ந்திருந்த நாற்காலி இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று பட்டது.

நல்லவேளை, நமக்கு அந்த வியாதி இல்லை என்று நீங்கள் மூச்சு விடுவது கேட்கிறது. இருக்கட்டும். இதைப் படித்து வரும்போது, இந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தையை இப்படி மாற்றியிருக்கலாமே என்று ஓரிடத்திலாவது தோன்றியதா? எந்த இடம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். பேனாவை மட்டும் கீழே வையுங்கள்.