நீலம் போட்ட கொக்குகள்

ஒரு தண்ணீர் நல்லதா கெட்டதா என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நான் மூக்கால் கண்டுபிடிப்பேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவளுக்கு மூக்குதான் இலாகா.

காஜா பெராங் வட்டாரத்திலிருந்து கடல் பக்கம் இறங்கும் சந்தில் எங்கள் பலகை வீடு. பின்னால் காயல். முன்பு கடல் தண்ணீர் உள்ளே வந்து போகும். கெராங் சிப்பி கூடை கூடையாகக் கிடைக்கும். எங்களுக்கு முன்பே கொக்குகள் வந்து நிற்கும். பிறகு கடல் வாயை மணல் அடைத்துக்கொண்டது. சிப்பி செத்தது, கொக்கு போனது, காற்றடித்தால் நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. என் இரட்டைப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. மணலை வெட்டிவிடச் சொல்லிச் சந்தே சேர்ந்து மனுப் போட்டோம்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்த புதிது. வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன நாற்காலி, தொப்பி, பைனாகுலர் எல்லாம் நீர்நிலை நல இலாகாவின் அதிகாரி ஜெயபாலன் அவர்களுக்கு வந்து சேர்ந்திருந்தன. தொப்பி மட்டும் காது வரை இறங்கும்.

"பறவைக்கு மீன் வேணும், மீனுக்கு நல்ல தண்ணி வேணும். பறவை இருந்தா காயல் ஆரோக்கியம்" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் சேறு பூட்ஸில் ஒட்டும் என்று பாலத்தில் நின்றபடியே எண்ணிவிட்டுப் போனார். பதில் வந்தது:

"மேற்படி காயலில் இருபதுக்கும் மேற்பட்ட வெண்கொக்குகள் ஒரே வரிசையில், மிகுந்த ஒழுக்கத்துடன் நிற்பது நேரில் காணப்பட்டமையால், மேற்படி காயல் பூரண ஆரோக்கியத்துடன் விளங்குகிறது. மனு தள்ளுபடி."

அவை கொக்குகள் அல்ல. கரையில் கம்பு நட்டுக் கொடி கட்டி நான் காயப்போட்ட பிள்ளைத்துணிகள்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் பட்டணத்தில் கொக்கு நாகரிகம் பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கனவான்கள் காக்கித் தொப்பியோடு பாலத்தில் நிற்பார்கள். அவர்கள் வீட்டம்மாக்கள் கொக்குப் போட்ட சேலையில் வருவார்கள். பாசாரில் மீன் வாங்கும்போது ஒரு அம்மாள், "எங்க ஊர்க் கொக்கெல்லாம் அழுக்கு. காஜா பெராங் கொக்குதான் வெள்ளை வெளேர்னு இருக்கு" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் துணிக்கு இன்னும் கொஞ்சம் நீலம் போட்டேன். அலசின தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். காயலுக்குத்தான்.

பிள்ளைகளுக்குச் சிரங்கு முற்றிக் காய்ச்சல் வந்த பிறகுதான் புத்தி வந்தது. துணியெல்லாம் எடுத்து வீட்டுக்குள் போட்டேன். கொக்கில்லாத காயலுக்கு இனியாவது மருந்து கிடைக்காதா?

ஜெயபாலன் பதறிக்கொண்டு வந்தார். "பறவைங்க எங்கம்மா?"

"கொடியில இருந்து எடுத்து மடிச்சு வச்சுட்டேன் ஐயா."

அவர் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டார். "நீங்க சொன்னது என் காதுல விழல. இப்ப ஒரு கொக்கும் இல்லன்னா காயல் செத்துப்போச்சுன்னு அர்த்தம். செத்த காயலுக்கு இலாகா செலவு செய்யாது."

"அப்போ கொக்கு இருந்தா?"

"ஆரோக்கியம். ஆரோக்கியத்துக்கு மருந்து எதுக்கு?"

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்: "அப்ப எத்தனை கொக்கு இருந்தா மணலை வெட்டுவீங்க? அதைச் சொல்லுங்க, நாங்க துவைக்கிறோம்!"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் நோய், மணலை வெட்டலாம். பதினொண்ணு ஆரோக்கியம். வர்ற வெள்ளிக்கிழமை கோலாலம்பூர் இலாகாப் பெரியவர் பார்வையிட வர்றார். காயல் நோயாளியா இருக்கணும், பிணமா இருக்கக்கூடாது. நோயாளி இருந்தாத்தான் எங்க இலாகாவுக்கும் வேலை."

வெள்ளிக்கிழமை பத்துத் துணியைத் தேர்ந்தெடுத்துக் காயப்போட்டேன். வெளுப்பான பத்து. நோயாளிக் கொக்குக்கு இவ்வளவு வெளுப்பு ஆகாதென்று எனக்கும் தெரியும். பெரிய மனிதர் பார்க்கும்போது பழுப்புத் துணியைத் தொங்கவிட மனசு வருமா?

பாலத்தில் பெரியவர் பைனாகுலரைத் தூக்கினார். மண்வெட்டியும் ஆட்களும் ஏற்றிய லாரி பக்கத்தில் தயாராக நின்றது. "ஒன்று, இரண்டு" என்று எண்ண ஆரம்பித்தார்.

அப்போதுதான் அது வந்தது. உண்மைக் கொக்கு. எலும்பும் தோலுமாய், காலெல்லாம் சேறாய், எங்கள் காயலை மறக்காமல் திரும்பி வந்த ஒரே ஒரு கொக்கு. கடைசித் துணிக்குப் பக்கத்தில் இறங்கி, கழுத்தை நீட்டி மீன் தேடியது. எது வரவேண்டும் என்று மனுப் போட்டோமோ அது வந்துவிட்டது. பதினொன்றாவதாக.

"என்ன மல்லிகா பார்த்துக்கிட்டு நிக்கிற!" என்றாள் பொன்னம்மா அக்கா. என் கையில் அதற்குள் விளக்குமாறு இருந்தது.

ஜெயபாலன் தொப்பி பறக்கப் பாலத்திலிருந்து ஓடிவந்தார். பூட்ஸெல்லாம் சேறு. கையெடுத்துக் கும்பிட்டு, பெரியவருக்குக் கேட்காதபடி கெஞ்சினார்:

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எட்டு எண்ணிட்டார். அந்த ஒண்ணை மட்டும் கொஞ்சம் விரட்டி விட்டுடுங்கம்மா!"