சனிக்கிழமைக்கு ஒரு நாற்காலி

கோயமுத்தூரில் குடியை விட நினைக்கிற ஒருவருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, சகல உதவியும் கிடைக்கும். சனி, ஞாயிறு மட்டும் அவர் திடமாக இருந்துகொள்ள வேண்டும்.

பீளமேட்டில், அவினாசி ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருந்த 'தெளிவகம்' அரசு ஆதரவு மையத்தில் இந்த ஏற்பாடு வெகு கச்சிதமாக நடந்துவந்தது. வாசலில் குட்டை மரம் வைத்த தொட்டி, உள்ளே ஊதுபத்தி வாசம், தரையில் யோகா பாய்கள், கண்ணாடி ஜாடியில் வெட்டிவேர்த் தண்ணீர். திட்ட அலுவலர் சசிதர் பெங்களூருக்கு ஒரு பயிலரங்குக்குப் போய்வந்ததிலிருந்து அங்கே யாரையும் குடிகாரர் என்று சொல்வதில்லை. 'நலம் நாடும் பயனாளி' என்றுதான் சொல்ல வேண்டும். பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. குடிகாரர் என்று எழுதியிருந்தால் நாலு பேர் வந்திருப்பார்களோ என்னவோ. நலம் நாடும் பயனாளி என்றால் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்து ஊரில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் மையம் சுத்தமாக இருந்தது.

அந்தச் சுத்தத்துக்குள், ஒரு வெள்ளிக்கிழமை, பவுண்டரிக் கரி படிந்த செருப்போடு சந்தியாகு வந்து நின்றார்.

பம்ப்செட் பவுண்டரியில் மோல்டிங் வேலை அவருக்கு. குடியை நிறுத்திச் சில வாரம் ஆகியிருந்தது. மனைவி ரூத் தன் துணிமணியையெல்லாம் ஒரு பெட்டியில் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டு, இனி ஒரு தடவை வாயில் நாற்றத்தோடு வந்தால் பெட்டியும் தானும் கிளம்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். வார நாட்களில் சந்தியாகுவுக்குச் சிரமமில்லை. சனிக்கிழமைதான் கண்டம். வாரச் சம்பளம் கைக்கு வரும், கூட்டாளிகள் மதுக்கடைக்குக் கிளம்புவார்கள், காலும் அந்தப் பக்கமே திரும்பும். ரூத்துக்கோ காந்திபுரம் துணிக்கடையில் சனிக்கிழமைதான் கூட்டம் நெரியும். வீட்டில் பேச்சுத் துணைக்குச் சுவர் மட்டும்.

"சனிக்கெழமை பொழுதோட வந்து உக்காந்துக்கறனுங்க," என்றார் சந்தியாகு. "ஒரு சேரு போதுமுங்க. பிராந்திக் கடை சாத்தற நேரத்துக்கு எந்திரிச்சுப் போயிர்றேன். பக்கத்துல ஒருத்தரு இருந்தாச் சரி. பேசோணும்னுகூட இல்லீங்க."

சசிதர் நெகிழ்ந்துபோனார். மையத்துக்குள் தானாக நடந்து வந்த முதல் பயனாளி. ஆனாலும் விடுமுறை நாளில் கட்டடத்தில் ஆள் இருந்தால் அது அத்துமீறலாகக் கருதப்படும் என்று வருத்தத்தோடு விளக்கினார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மூச்சுப் பயிற்சி இருக்கிறது, சிறுதானிய பிஸ்கட்டும் தருகிறோம், வரலாமே என்றார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தனக்குக் குடிக்கத் தோன்றுவதே இல்லை என்றார் சந்தியாகு. தோன்றும்படி கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று சசிதர் பணிவாகக் கேட்டார்.

முடியவில்லை. ஆகவே கோரிக்கை மேலிடத்துக்குப் போனது. கூர்ந்த பரிசீலனைக்குப் பின் பதிலும் வந்தது. விடுமுறை நாளில் மையத்தைத் திறக்க விதியில்லை. ஆனால் களப்பணிக்கு விதியுண்டு. பயனாளிகள் பெருந்திரளாகக் கூடும் இடத்துக்கே ஆதரவுச் சேவையைக் கொண்டுசெல்ல இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் பெருந்திரளாகக் கூடும் இடம் எது என்பதில் அலுவலகத்தில் யாருக்கும் ஐயமிருக்கவில்லை.

"பாருக்குங்களா?" என்றார் சந்தியாகு. "அங்க போகாம இருக்கறக்குத்தானுங்களே உங்ககிட்ட வந்தது."

"நீங்க குடிக்கவா போறீங்க? ஆதரவு வாங்கப் போறீங்க," என்றார் சசிதர். "சேரு இருக்குது, பக்கத்துல நாங்க இருப்போம். நீங்க கேட்டது எல்லாமே அங்க இருக்குதுங்களே."

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரியாகத்தான் இருந்தது. ரூத்துக்கு மட்டும் சரியாகப் படவில்லை. "கெணத்துல உழுகாம இருக்கறக்கு கெணத்துக்குள்ளயே கட்டிலு போட்டுத் தர்றாங்களாக்கும்," என்றாள். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

முதல் சனிக்கிழமை சசிதரும் கிளார்க் திருமூர்த்தியும் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து, சந்தியாகுவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். அட்டையைப் பார்த்துச் சுற்றியிருந்த மேஜைகள் காலியாயின. களத்தைக் கலைப்பது ஆய்வு நெறிக்கு விரோதம் என்பதால் அட்டைகள் பைக்குள் போயின. ஒன்றும் வாங்காமல் உட்காரக் கூடாது என்று சப்ளையர் சொன்னதால், இடத்தோடு இசைந்திருக்கும் பொருட்டு ஒரு பீர் வாங்கப்பட்டது. வாங்கிய பீரைச் சும்மா வைத்திருந்தால் சந்தேகம் வரும் என்பதால் திருமூர்த்தி கடமையுணர்வோடு அதைக் குடித்தார். சந்தியாகுவுக்கு எலுமிச்சை சோடா.

அடுத்தடுத்த வாரங்களில் இசைவு கூடிக்கொண்டே போனது. சசிதர் தனக்கு வரவேண்டிய பதவி உயர்வைச் சொல்லி அழுதார். திருமூர்த்தி ஆம்லெட் போடுகிறவரிடம் சண்டைக்குப் போனார். சந்தியாகுவுக்குத் தொண்டை காய்ந்தது. ஒரு தடவை, சசிதர் பாதி வைத்துவிட்டுப் போன கிளாஸை நோக்கி அவர் கை தானாகவே நகர்ந்தது. விரல் கண்ணாடியின் குளிர்ச்சியைத் தொட்டும் விட்டது. ரூத்தின் பெட்டி நினைவுக்கு வந்தது. ஆனால் கை நின்றது அதனால் அல்ல. அந்த நேரம் பார்த்துத் திருமூர்த்தி சந்தியாகுவின் சட்டையின்மேல் வாந்தியெடுத்தார்.

பிறகு இருவரையும் ஆட்டோவில் அள்ளிப்போட்டுச் சரவணம்பட்டி வரை கொண்டுபோய், எந்த வீடு யாருடையது என்று கண்டுபிடித்து இறக்கிவிட்டு வருவதற்குள் கடை சாத்திவிட்டார்கள். ஒவ்வொரு வாரமும் இதே கதைதான். குடிக்க அவருக்கு நேரமே வாய்க்கவில்லை.

'பயனாளி தொடர்ந்து தெளிவாக உள்ளார்' என்று சசிதர் அறிக்கை அனுப்பினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மேலிடம் பூரித்தது. நூற்றுக்கு நூறு வெற்றி கண்ட திட்டம் இதுவரை கிடையாது. உடனே விரிவாக்க ஆணை வந்தது: பயனாளியின் பக்கத்தில் அமர்ந்து ஆதரவு தரும் 'நலத்தோழர்'கள் பொதுமக்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்படுவர். சம்பளம் கிடையாது, களச் செலவு அரசின் பொறுப்பு.

ஆள் எடுக்கும் நாளில் தெளிவகத்து முற்றத்தில் இரண்டு வரிசை போட்டிருந்தார்கள். குடியை விட விரும்புவோர் ஒரு பக்கம். பக்கத்தில் அமர விரும்புவோர் மறுபக்கம். இரண்டாவது வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரை போயிற்று. ஐ.டி. கம்பெனிப் பையன்கள், கல்லூரி விரிவுரையாளர்கள், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கச் செயலாளர், பவுண்டரி சூப்பர்வைசர், மதுவிலக்குப் பிரசாரக் குழுத் தலைவர். சமுதாயத்துக்குத் தன்னால் ஆனதைச் செய்யவேண்டும் என்ற தவிப்பு ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. ஒருவர் மனைவியையே கூட்டிவந்திருந்தார். ஆட்சேபணை இல்லை என்று சொல்வதற்கு.

முதல் வரிசையில் சந்தியாகு தனியாக நின்றார்.

சசிதருக்கு வேர்த்தது. "இந்தப் பக்கம் ஆளே இல்லீங்களே. இப்பிடியே போனாத் திட்டத்தையே மூடிப்போடுவாங்களே."

"அந்த வரிசையில பாதியை இந்தப் பக்கம் தாட்டி உடுங்க," என்றார் சந்தியாகு. "சரியாப் போயிரும்."

சசிதரின் முகம் கறுத்துவிட்டது. "என்ன பேசறீங்க நீங்க? எல்லாரும் கவுரவமான மனுசங்க. அவுங்க குடிக்கறதே உங்களுக்காகத்தானுங்க."

சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டார். ரூத் இனிமேல் சனிக்கிழமை லீவு போட்டுக்கொள்வதாகச் சொல்கிறாள், தான் வீட்டிலேயே இருந்துகொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். பயனாளியை ஆதரவின்றி விடுவது விதிகளுக்குப் புறம்பானது என்று பதில் வந்தது. வேறு பயனாளி இல்லாத காரணத்தால், தேர்வான நலத்தோழர்கள் அத்தனை பேரும் அவர் ஒருவருக்கே ஒதுக்கப்பட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை, சந்தியாகு தனிமையில் வாடிவிடக் கூடாதே என்று, மரியாதைப்பட்டவர்கள் எல்லோரும் அவரைப் பின்தொடர்ந்து பாருக்குள் நுழைந்தார்கள். கடை சாத்துகிற நேரத்தில் அவர்களில் தன் வீட்டுக்கு வழி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். அரசுக் கணக்கில், குடியிலிருந்து மீட்கப்பட வேண்டியவரும் அவர் ஒருவர்தான்.